பதினாலாம் பெட்டி

பாறைக்கு மதிப்பெண் போடுவது என் வேலை.
நூற்றுக்கு.
கணக்கு வாத்தியார் மாதிரிதான்.
என்ன, பையன் வாய் திறக்கமாட்டான்.

சங்ககிரிக்குத் தெற்கே சுண்ணாம்புக்கல் குழி.
பங்குனி. எட்டு மணிக்கே தகரக் கொட்டகை முனகுகிறது.
துளைபோட்டு எடுத்த உருளைக்கற்கள்
வெட்டிய கரும்பாய்ப் பெட்டிகளில் கிடக்கின்றன.
ஆழம் எழுதிய மரக்கட்டைகளில்
செங்கோட்டுவேலின் கோணல் எழுத்து.

விதி எளிது.
ஒரு மீட்டர் நீளத்தில்
பத்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகளை மட்டும் கூட்டு.
சிறுசு சேராது. ஜல்லியாய் வந்தது சேராது.
இயந்திரம் ஒடித்ததை
ஒடியாததாகவே எண்ணிக்கொள்.
பாறை தானாய் விட்டுக்கொடுத்த இடம்தான் விரிசல்.

எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.
புது முறிவு வெளுத்திருக்கும், கற்கண்டு போல மினுங்கும்.
பழைய முறிவில் பழுப்பேறியிருக்கும்,
எந்தக் காலத்து மழையோ
உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டுப் போன தடம்.

பதினாலாம் பெட்டி.
நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்திரண்டு மீட்டர்.
ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.
கல் முழுக்கக் காய்ந்த பிறகும்
விரிசல் மட்டும் கொஞ்சநேரம் கறுத்திருக்கும்.
இந்தத் துண்டில் ஒரு கோடு
நனையவே இல்லை.
நகம் வைத்தால் வழுக்குகிறது.
பெட்டிக்கடைப் பசை,
செருப்பு வார் ஒட்டுகிற அதே பசை.

ஒட்டியபடி பதினாலு சென்டிமீட்டர்.
பிரித்தால் எட்டு, ஆறு.
இரண்டுமே கணக்கில் வராது.
எண்பத்திரண்டு அறுபத்தெட்டாகும்.
அதற்கான பதினேழு மதிப்பெண் பதிமூன்றாகும்.
வலிமைக்கு ஏழு, இடைவெளிக்குப் பத்து,
முறிவின் சொரசொரப்புக்கு இருபது,
கிழக்குச் சுவர் வியர்ப்பதற்குப் பத்து,
எல்லாம் கூட்டினால்
அறுபத்துநாலு அறுபதாகும்.

அறுபத்தொன்றில் தொடங்குகிறது 'நல்ல பாறை'.
நல்ல பாறையென்றால்
சுவரை இன்னும் செங்குத்தாய்ச் சீவலாம்.
சுவருக்கடியில் இருக்கிறது
இரண்டு வருஷத்துச் சுண்ணாம்பு.

“யாருங்க ஒட்டினது?”

செங்கோட்டுவேல் தன் கட்டைவிரலைப் பார்த்தான்.
தோல் உரிந்துகொண்டிருந்தது.

“வண்டியிலிருந்து எறக்கையில கை தவறிப்போச்சுங்க.
நான் ஒடைச்சதுங்க. பாறையா ஒடையலீங்க.
நான் பண்ணுன தப்புக்கு
அதுக்கு எதுக்குங்க மார்க்கு கொறையோணும்?”

விதிப்படி அவன் சொல்வது சரி.
அதுதான் சங்கடம்.

சுத்தியலால் ஒரு தட்டு.
பசை விட்டது.
வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன்.
முறிவு முகத்தில்
பாதி வெள்ளை.
பாதி பழுப்பு.

அட்டவணையில் இதற்குக் கட்டமில்லை.

குழிக்குள் இறங்கினேன்.
கிழக்குச் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தேன்.
கணீர். கணீர்.
மூன்று எட்டு தள்ளி, பொத்தென்றது.
திரும்பத் தட்டினேன். பொத்.
மறுபடி கணீர்.
சுவரடியில் டிப்பர் ஓட்டுகிறவர்கள்
வரிசையாக உட்கார்ந்து
பழைய சோறு உண்டுகொண்டிருந்தார்கள்.
குழிக்குள் அந்நேரத்தில்
வேறெங்கும் நிழல் இல்லை.
ஒருத்தர் நகர்ந்து எனக்கும் இடம் விட்டார்.
உட்கார்ந்தேன்.
நிழல் குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

அறுபது என்று எழுதினேன்.
பதினொரு மணிக்கு மேலாளர் போன்.
“ஒரே ஒரு மார்க்குதானுங்களே மேடம்,
ரவுண்டு பண்ணிவிடக் கூடாதுங்களா?”
ரவுண்டாகத்தான் இருக்கிறது சார் என்றேன்.

செங்கோட்டுவேல் போகவில்லை.
வாசலிலேயே நின்றான்.
“என்ற பாதிய எழுதுவீங்களாங்க?”

குறிப்புப் பத்தியில் எழுதிக் காட்டினேன்:
நாற்பத்தொன்று புள்ளி மூன்று ஆறில் முறிவு.
பாதி பழையது.
பாதி, பெட்டி இறக்கும்போது.

எழுத்துக்கூட்டிப் படித்தான்.
பிறகு இரண்டு துண்டுகளையும் எடுத்துப்
பெட்டியில் அதனதன் இடத்தில் வைத்தான்.
கிட்டக் கொண்டுவந்தவன்
கொஞ்சம் யோசித்து
ஒரு விரல் இடைவெளி விட்டான்.